சுழல் துப்பாக்கிகளும் சேகரிப்போர் தேர்வும்



பழம்பொருள் சேர்ப்போர் பலதிறத்தினர். நாணயம் சேர்ப்போரையும், முத்திரை சேர்ப்போரையும், ஓலைச்சுவடி தேடி ஊர் ஊராக அலைவோரையும் நாம் நன்கறிவோம். துப்பாக்கி சேர்ப்போர் நம்மிடையே அரியர். துவக்கு என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே மனம் சுருங்கும் நிலைக்கு நம் நாட்டின் அண்மைக்கால வரலாறு நம்மைக் கொண்டுவந்து விட்டமையால், இதில் வியப்பொன்றுமில்லை. உயிர் போக்கும் கருவியொன்றைப் புகழ்ந்துரைப்பது இன்றைய பேச்சின் நோக்கமன்று. பயன் ஒழிந்துபோன ஒரு பொருளை ஏன் வைத்திருக்க வேண்டும், பலவற்றுள் எதனை வைத்து எதனை விடவேண்டும் என்னும் கேள்வியே என் பொருள். அக்கேள்விக்கு மிகக் கடுமையான விடை வேண்டி நின்ற இடம், பழைய சுழல் துப்பாக்கிகளைச் சேர்த்தோர் வீட்டு அலுமாரியே.

சுழல் துப்பாக்கி என்று நான் சொல்வது, ஆங்கிலேயர் றிவோல்வர் என வழங்கும் கைத்துப்பாக்கியை. அதற்குக் குழல் ஒன்றே. குழலின் பின்னே ஐந்தோ ஆறோ அறைகள் குடையப்பட்ட உருளையொன்று அச்சில் நிற்கும். குதிரையைப் பின்னுக்கு இழுக்குந்தோறும் ஒரு சிறு நகம் உருளையை ஓர் அறையளவு தள்ளும். அறை குழலுக்கு நேரே வந்ததும் ஒரு தாழ் விழுந்து உருளையை அசையாது பூட்டும். இவ்வளவே அதன் மர்மம். துவக்கு, துப்பாக்கி ஆகிய இரு சொற்களும் துருக்கிய மொழியிற் பிறந்து நம்மை வந்தடைந்த உடன்பிறப்புக்கள் என்பதை இடையிலே சொல்லி வைக்கிறேன். அத்துருக்கிய மன்னர் ஒருவரைப் பின்னர் சந்திக்க நேரும்.

1996ஆம் ஆண்டு மார்ச் மாதம் 13ஆம் நாள், ஸ்கொட்லாந்தில் டன்பிளேன் என்னும் சிற்றூரின் ஆரம்பப் பாடசாலைக்குள் ஒருவன் புகுந்து, உடற்பயிற்சிக் கூடத்தில் நின்ற பதினாறு குழந்தைகளையும் அவர்தம் ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். பின் தன்னையும் சுட்டுக்கொண்டான். அவன் கொண்டுவந்த கைத்துப்பாக்கிகள் நான்கு. அவற்றுள் இரண்டு சுழல் துப்பாக்கிகள். நான்கும் சட்டப்படி உரிமம் பெற்றவை. பாடசாலையிலே வாழ்நாளைக் கழித்தவன் இச்செய்தியை விரித்துரைக்க விரும்பான். விரித்துரைக்கத் தேவையும் இல்லை. மறு ஆண்டே, 1997இல், பிரித்தானியப் பாராளுமன்றம் இரு சட்டங்களை அடுத்தடுத்து இயற்றி, தனியார் கைத்துப்பாக்கி வைத்திருப்பதைப் பெரும்பாலும் ஒழித்துவிட்டது. நட்டஈடு பெற்றுக்கொண்டு மக்கள் ஒப்படைத்த கைத்துப்பாக்கிகள் ஒரு இலட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவை.

அச்சட்டம் முற்றாகக் கதவடைக்கவில்லை. தோட்டா தோன்றுவதற்கு முற்பட்ட மிகப் பழைய துப்பாக்கிகளை வினோதப் பொருளாக வைத்திருப்போரை முன்னைய சட்டமே விட்டு வைத்திருந்தது. உலோகத் தோட்டாக் காலத்துக்குரியவற்றிலேதான் சிக்கல் எழுந்தது. 1919ஆம் ஆண்டுக்கு முன் செய்யப்பட்டவற்றுள், தோட்டா எளிதிற் கிட்டாத சில வகைகளை, சுடுவதற்கன்றிச் சேகரிப்புக்காக மட்டும் வீட்டில் வைத்திருக்க இடமளித்தார்கள். ஏனையவற்றை வைத்திருக்க விரும்புவோர், அப்பொருள் தனிப்பட்ட அருமையோ, அழகோ, தொழில்நுட்பச் சிறப்போ, வரலாற்று முக்கியத்துவமோ உடையது என்று காட்டவேண்டும். காட்டினாலும் வீட்டில் வைத்தல் கூடாது. அமைச்சர் குறித்த இடத்திலேயே அதை வைக்கவேண்டும்.

அருமை, அழகு, நுட்பம், வரலாறு என்னும் இந்நான்கும் எனக்குச் சட்டத்தின் சொற்களாகத் தோன்றவில்லை. நூதனசாலைக் காப்பாளரின் சொற்களாகத் தோன்றுகின்றன. கைக்கு வந்ததையெல்லாம் வாங்கிக் குவித்தவர் பலர், தம் வாழ்நாளில் முதன்முறையாக, 'இதனை ஏன் வைத்திருக்கிறாய்?' என்ற வினாவுக்கு எழுத்தில் விடைகூற வேண்டியவராயினர். அச்சட்டம் நன்றென்பது என் துணிபு. குழந்தைகளின் உயிரை ஒரு தட்டிலும் ஒருவர் பொழுதுபோக்கை மறு தட்டிலும் வைத்து நிறுப்பதற்கில்லை. ஆயினும், சிறு வாசலொன்றைத் திறந்து விட்டமையும் நன்றே. உருக்கிவிட்ட சான்றை மீண்டும் வார்த்தெடுக்க எவராலும் இயலாது.

அரசு கேட்ட இவ்வினாவை, எவரும் கேளாமலே தனக்குத்தானே கேட்டுக்கொண்டவர் ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருந்தார். ஒகஸ்டஸ் லேன் பொக்ஸ் என்பது அவர் பெயர். பின்னாளிற் பெருஞ்சொத்து ஒன்றுக்கு வாரிசாகியதனால் பிட் ரிவர்ஸ் எனப்பட்டார். இங்கிலாந்துப் படையில் அதிகாரியான அவர், 1850களின் தொடக்கத்தில் படைக்குரிய புதிய துப்பாக்கிகளைச் சோதிக்கும் பணியில் அமர்த்தப்பட்டார். ஒவ்வொரு மாதிரியும் முந்தியதிலிருந்து மிகச் சிறிதளவே வேறுபட்டிருப்பதை அப்போது கண்டார். எவரும் எதனையும் ஒரே நாளிற் கண்டுபிடித்துவிடுவதில்லை என்பது அவர் கொண்ட முடிபு. ஆகவே அவர் தேடியது அபூர்வமானவற்றை அன்று, சாதாரணமானவற்றை. ஒரு சங்கிலியின் கண்ணிகளைப்போல அவற்றை வரிசைப்படுத்தி வைத்தார். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களை 1884இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். அவர் பெயர்தாங்கிய நூதனசாலை இன்றும் அங்கே உண்டு. துப்பாக்கிகளை வரிசைப்படுத்தியது போலவே மனித இனங்களையும் கீழிருந்து மேலாக வரிசைப்படுத்திவிடலாம் என்று அவரும் அவர் காலத்தவரும் எண்ணியது பெரும் பிழை. பொருளுக்குப் பொருந்திய முறை மனிதனுக்குப் பொருந்தவில்லை. ஆயினும், சாதாரணமானதைப் போற்றி வைக்க வேண்டும் என்ற அவர் கருத்து, துப்பாக்கிச் சேகரிப்பில் இன்றும் பயனுடையது.

சுழல் துப்பாக்கியைப் பொறுத்தவரை, பெயர்பெற்ற முதற் சேகரிப்பாளர் அதனைச் செய்தவரே. ஐக்கிய அமெரிக்காவில் ஹாட்போர்ட் நகரிற் பிறந்த சாமுவேல் கோல்ட் 1814 முதல் 1862 வரை வாழ்ந்தவர். 1835இல் இங்கிலாந்திலும் 1836இல் அமெரிக்காவிலும் தம் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். சுழலும் துப்பாக்கி அவருக்கு முன்னும் இருந்தது. எலிசா கொலியர் என்ற அமெரிக்கர் 1818இல் இங்கிலாந்திற் காப்புரிமை பெற்ற சுழல் துப்பாக்கி, தீத்தட்டிக் கல்லால் வெடிப்பது. அதற்கு முந்தியனவும் உண்டு. குதிரையை இழுக்கும் ஒரே செயலால் உருளை தானே சுழன்று பூட்டிக்கொள்ளுமாறு செய்ததையே கோல்ட் தமது உரிமையாகக் கொண்டாடினார். அவ்வுரிமையைக் காக்க அவருக்குப் பழந்துப்பாக்கிகள் தேவைப்பட்டன. 1851இல் மசச்சூசெற்ஸ் படைக்கலக் கொம்பனிமீது அவர் தொடுத்த வழக்கிலே, எதிர்த்தரப்பினர் பழைய சுழல் துப்பாக்கிகளைச் சான்றாகக் காட்டி, இதில் புதுமை இல்லை என வாதாடினர். கோல்ட் வென்றார். அதே ஆண்டு இலண்டனிலே குடிசார் பொறியியலாளர் கழகத்திற் பேசியபோது, முற்காலச் சுழல் துப்பாக்கிகளின் படங்களைத் தாமே காட்டி, அவற்றின் குறைகளை விளக்கினார். எதிரியின் படைக்கலங்களையும் முன்னோரின் தோல்விகளையும் அவர் சேர்த்து வைத்தது அழகுக்காக அன்று, வழக்குக்காக. அச்சேகரிப்பை அவர் மனைவி எலிசபெத் காத்து, 1905இல் தாம் இறந்தபோது ஹாட்போர்ட் நகரின் வாட்ஸ்வேர்த் அதீனியம் என்னும் நூதனசாலைக்கு விட்டுச்சென்றார்.

இனி, சட்டம் சொன்ன நான்கு அளவைகளுள் முதலாவதான அருமைக்கு வருவோம். கோல்டின் முதற் கொம்பனி 1842இல் முறிந்துவிட்டது. அவரை மீட்டெடுத்தது மெக்சிக்கோப் போர். டெக்சாஸ் குதிரைப்படைக் கப்டன் சாமுவேல் வோக்கர் சொன்ன திருத்தங்களின்படி, 1847இல், ஆறு அறைகள் கொண்ட பெருந்துப்பாக்கி ஒன்று செய்யப்பட்டது. அதன் எடை நாலரை றாத்தலுக்கு மேல்; இடுப்பிற் செருக முடியாமற் குதிரைச் சேணத்திலே தொங்கவிட்டார்கள். செய்யப்பட்டவை 1,100 மட்டுமே. உருளை இரும்பு வெடிமருந்தின் விசையைத் தாங்காமற் பல வெடித்துச் சிதறின. வோக்கரும் அவ்வாண்டு முடியுமுன் போரில் மாண்டார். எஞ்சியிருப்பவை மிகச் சில. அவற்றுள், பேழையோடு பழுதின்றி இருந்த ஒன்று, 2018இல் பதினெட்டு இலட்சம் டொலருக்கு மேல் ஏலம் போயிற்று. பெட்டியிற் கிடந்து பழுதுறாத துப்பாக்கி போரைக் காணாத துப்பாக்கி என்பதையும் மறக்கக்கூடாது. படைக்கு அனுப்பப்பட்டவற்றில் எந்தப் படைப்பகுதிக்கு உரியது என்னும் எழுத்துக் குறி பொறிக்கப்பட்டிருக்கும். இரும்பு உண்டு குழி விழுந்து அக்குறி மட்டும் தெரியும் ஒரு வோக்கர் துப்பாக்கியையும், பேழையில் மின்னும் மற்றொன்றையும் என் முன் வைத்தால், நான் முந்தியதையே எடுப்பேன். ஆனால் விலை உயர்ந்தால் போலியும் உயரும். அக்குறிகளைப் புதிதாகப் பொறித்து விற்போரும் உண்டு.

அழகைப்பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பொன் இழைத்து, சிற்ப வேலை செய்து, கோல்ட் தம் துப்பாக்கிகளை அரசர்களுக்குப் பரிசளித்தார். கிரைமியப் போரிலே ருஷியச் சக்கரவர்த்தி நிக்கலஸும் துருக்கிய சுல்தான் அப்துல் மெஜீதும் எதிரிகள். இருவருக்கும் அக்காலத்திலே பொன்னிழைத்த கோல்ட் துப்பாக்கிகள் பரிசாகச் சென்றன! ருஷியருக்கு வந்தவை ஹேர்மிற்றாஜ் மாளிகையில் உள்ளன. சுல்தானுக்கு வந்ததன் இணைத் துப்பாக்கி நியூயோர்க் மெற்றோபொலிற்றன் நூதனசாலையில் இருக்கிறது. அதன் பொன் வேலைப்பாட்டிலே வொஷிங்டனின் முகம் தெரியும். கண்ணுக்கு விருந்துதான். ஆயினும், இரு பகைவரையும் ஒரே வணிகர் நண்பராக்கிக்கொண்ட செய்தி தெரியாதிருப்பின், அது பொன் பூசிய இரும்பேயன்றி வேறில்லை.

நுட்பம் என்னும் அளவையிலேதான், என் எண்ணத்தில், உண்மையான செல்வம் கிடக்கிறது. கோல்ட் தம் தொழிற்சாலையைப்பற்றிப் பெருமையாகக் கூறியது, எல்லாம் இயந்திரத்தாற் செய்யப்படுகின்றன, ஒன்றின் உறுப்பை மற்றொன்றிற் பொருத்தலாம் என்பது. நூல்களும் அதனை அப்படியே எடுத்துக் கூறின. ஆனால், அக்காலத்துக் கோல்ட் துப்பாக்கி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். சட்டத்திலே ஓர் இலக்கம். குழலிலே அதே இலக்கம். உருளையிலும் பிற உறுப்புக்களிலும் அதே இலக்கம். ஏன்? இயந்திரம் வெட்டிய உறுப்புக்களைத் தொழிலாளி அரம் கொண்டு அராவி ஒன்றோடொன்று பொருத்தினான். பொருத்தியபின் கழற்றி, இரும்பைப் பதப்படுத்தி, நீலநிறம் ஏற்றி, மீண்டும் பூட்டவேண்டும். அப்போது இதன் உறுப்பு அதனோடு கலந்துவிடாதிருக்கவே இலக்கம். எல்லாம் ஒன்றுபோல் அமைந்திருந்தால் இலக்கத்துக்கு என்ன தேவை? காகிதம் சொன்னதை இரும்பு மறுக்கிறது. எல்லா இலக்கங்களும் ஒத்திருக்கின்றனவா என்பதைச் சேகரிப்போர் விலைக்காகப் பார்க்கிறார்கள். வரலாற்று மாணவன் அதனை ஒரு வாக்குமூலமாகப் படிக்கலாம்.

இன்னோர் எடுத்துக்காட்டு. தொடக்ககாலச் சுழல் துப்பாக்கிகளிலே, வெடிமருந்தும் குண்டும் உருளையின் முன்பக்கமாக ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டன. பின்னர் உலோகத் தோட்டா வந்தது. தோட்டாவைப் பின்பக்கமாக இட, அறையை முழுதும் துளைத்துவிட வேண்டும். மிக எளிய செய்தி. ஆனால், அவ்வாறு துளைப்பதற்கு 1855இல் ரொலின் வைற் என்பவர் காப்புரிமை பெற்றிருந்தார். அவ்வுரிமையை சிமித்–வெசன் கொம்பனியார் பெற்றுக்கொண்டு, 1857 முதல் தோட்டாத் துப்பாக்கி செய்தனர். அமெரிக்காவில் ஏனையோர் எவரும் 1869 வரை அவ்வாறு செய்ய முடியவில்லை. உள்நாட்டுப் போரோ மூண்டுவிட்டது. வாங்குவோர் வாசலில் நிற்கின்றனர். என் செய்வது? ஒரு கொம்பனியார் அறையின் பின்பக்கத்தை அடைத்து, சிறு துளை மட்டும் விட்டு, முலைபோன்ற நுனியுள்ள தோட்டாவை முன்புறமாக இட்டனர். மற்றொரு கொம்பனியார் அறையின் வெளிச்சுவரை நகரும் குழாயாக்கி, தோட்டாவைப் பக்கவாட்டில் இட்டனர். இவை பார்வைக்கும் நன்றாயில்லை, நீடித்து நிலைக்கவுமில்லை. காப்புரிமை முடிந்ததும் இவையும் மறைந்தன. அழகு பார்ப்போர் இவற்றைத் தொடார். ஆனால் நான் ஒரு நூதனசாலைக்குப் பொறுப்பாயிருந்தால், பொன்னிழைத்த ஒன்றை விற்றேனும் இவற்றுள் இரண்டை வாங்கி வைப்பேன். ஒரு சட்டம் இரும்பின் வடிவத்தை எப்படி வளைத்தது என்பதை இவற்றைப்போற் காட்டும் பொருள் வேறு இல்லை.

ரொலின் வைற் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். துப்பாக்கி ஒன்றுக்கு இருபத்தைந்து சதம் அவருக்குப் பங்கு. ஆனால் காப்புரிமையை மீறுவோர்மீது வழக்காடும் செலவு அவரதே என்பது ஒப்பந்தம். வந்த பணம் பெரும்பாலும் வழக்குக்கே போயிற்று. உரிமையை நீடித்துத் தருமாறு அவர் வேண்ட, சட்டமன்றம் இணங்கியது. 1870இல் ஜனாதிபதி கிராண்ட் அதனை மறுத்துவிட்டார்.

ஐரோப்பாவில் நிலைமை வேறு. பிரான்சிலே லெபோஷே என்பவர், தோட்டாவின் பக்கத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும் சிறு ஊசியைக் குதிரை தட்டி வெடிக்கச்செய்யும் முறையைச் சுழல் துப்பாக்கியில் அமைத்தார். பிரெஞ்சுக் கடற்படை 1858இல் அதனை ஏற்றுக்கொண்டது. மலிவான அவ்வகைத் துப்பாக்கிகள் நூற்றாண்டின் பிற்பகுதியில் எண்ணிறந்தன செய்யப்பட்டன. பழம்பொருட் கடைகளில் மதிப்பின்றிக் கிடப்பவை. அத்தகைய 7 மில்லிமீற்றர்த் துப்பாக்கிகள் இரண்டைக்கொண்டு, வரலாறு என்னும் நான்காம் அளவையை விளக்க முயல்கிறேன்.

1873ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் பிரசெல்ஸ் நகரிலே, பிரெஞ்சுக் கவிஞர் வெர்லேன், தம் இளைய நண்பரான கவிஞர் ரம்போவை அன்று காலையில் வாங்கிய துப்பாக்கியாற் சுட்டார். குண்டு மணிக்கட்டிற் பட்டது. வெர்லேன் ஈராண்டு சிறைத்தண்டனை பெற்றார். பொலிசார் கைப்பற்றிய அத்துப்பாக்கி பின்பு விற்ற கடைக்கே திரும்பியது. அக்கடையின் பதிவேடு இருந்தமையால், துப்பாக்கியின் இலக்கம் அதனோடு ஒத்துப் பார்க்கப்பட்டது. 2016இல் பாரிஸ் ஏலத்தில் அது 434,500 யூரோவுக்கு விலைபோயிற்று.

மற்றது வயலிற் கிடந்தது. ஓவியர் வான் கோ 1890 ஜூலையில் ஒவேர் என்னும் ஊரிலே தம்மைச் சுட்டுக்கொண்டு இரு நாட்களின் பின் இறந்தார். 1960களில் அவ்வூர் வயலொன்றிலே உழவர் ஒருவர் துருவேறிய துப்பாக்கியைக் கண்டெடுத்தார். குண்டின் அளவு ஒத்திருந்தது. மண்ணுள் நெடுங்காலம் கிடந்த அடையாளமும் இருந்தது. ஆயினும், இதுவே அது என்று அறுதியிட்டுச் சொல்லும் ஏடு எதுவுமில்லை. ஆம்ஸ்ரடாம் வான் கோ நூதனசாலை 2016இல் அதனைக் காட்சிக்கு வைத்தது. 2019இல் 162,500 யூரோவுக்கு ஏலம் போயிற்று. இரண்டும் ஒரே இனம், ஒரே அளவு. ஒன்றுக்குப் பதிவேடு உண்டு; மற்றதற்கு ஊகம் மட்டுமே உண்டு. வயல் துப்பாக்கியையும் வைத்திருக்கவேண்டும் என்பேன். ஆனால் அதன் சீட்டிலே 'இருக்கலாம்' என்ற சொல் ஒருபோதும் அழியக்கூடாது. சில ஆண்டுகள் கழிந்தால் அச்சொல்லைத்தான் முதலில் மறந்துவிடுகிறார்கள்.

இதனினும் வியப்பானது ஒன்று. 1873 முதல் 1940 வரை மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டுச் செய்யப்பட்ட கோல்ட் துப்பாக்கி வகை ஒன்றுண்டு. எண்ணிக்கையால் அருமையன்று, நுட்பத்தாலும் புதுமையன்று. அதிற் சாதாரணமான ஒன்று 2021இல் அறுபது இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. 1881 ஜூலை 14ஆம் நாள் பில்லி த கிட் என்னும் கொள்ளையனைக் காவல் அதிகாரி கரெட் சுட்டது அதனாலேயே. அதனை எப்படி உறுதிசெய்தனர்? கரெட் இறந்தபின், மதுச்சாலைக்காரர் ஒருவரிடம் இருந்த துப்பாக்கி தமதே என்று அவர் மனைவி வழக்காடி, 1930களில் வென்று மீட்டார். அவ்வழக்கேடுகளே இன்று பெருஞ் சான்றாக நிற்கின்றன. வறுமையில் வாடிய ஒரு விதவை தொடுத்த வழக்கு, அவரறியாமலே ஒரு பொருளின் வரலாற்றைப் பாதுகாத்துவிட்டது.

சேகரிப்போர் செய்யும் தீங்கும் ஒன்றுண்டு. துருப்பிடித்த துப்பாக்கியைத் தேய்த்து, மீண்டும் நீலநிறம் ஏற்றிப் புதிதுபோலாக்குவது. தேய்க்குந்தோறும் எழுத்து மழுங்கும், விளிம்பு வட்டமாகும், தோலுறையோடு உராய்ந்த தடம் மறையும். கோல்ட் கடற்படை வகையின் உருளையிலே 1843இல் நடந்த கப்பற்போர் ஒன்றின் காட்சி மெல்லிய கோடுகளாகப் பொறிக்கப்பட்டிருக்கும். ஆண்டுக்கணக்கிற் கையாண்ட துப்பாக்கியில் அக்காட்சி பாதி அழிந்திருக்கும். எங்கே அழிந்தது, எவ்வளவு அழிந்தது என்பதே அதனைத் தாங்கியவன் எழுதாமல் எழுதிவைத்த நாட்குறிப்பு. நம் கோயில்களிற் பழங்கல்வெட்டின்மேற் சுண்ணாம்பு பூசுவோரை நான் இங்கே நினைத்துக்கொள்கிறேன். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

பிட் ரிவர்ஸ் சொன்னபடி சாதாரணமானவற்றைப் போற்றுவதென்றால், எத்தனையைப் போற்றுவது? பிரித்தானியப் படை 1887இல் ஏற்றுக்கொண்ட வெப்லித் துப்பாக்கி, ஆறாம் மாதிரிவரை வளர்ந்தது. 1915இல் வந்த அவ்வாறாம் மாதிரி முதல் உலகப் போருக்காக இலட்சக்கணக்கிற் செய்யப்பட்டது. எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். பாடசாலை நூலகத்தை நடத்தியோருக்கு இச்சிக்கல் தெரியும்: அலுமாரி நிறைந்தபின் வரும் ஒவ்வொரு நூலும் மற்றொன்றை வெளியே தள்ளும். ஒரே பாடநூலின் நாற்பது பிரதிகளை வைத்திருப்பதிற் பயனில்லை. மாணவன் ஒருவன் ஓரத்திலே குறிப்பெழுதிய ஒரு பிரதி போதும். வெப்லியும் அவ்வாறே. ஒவ்வொரு மாதிரிக்கும் நன்றாயுள்ள ஒன்று. அதற்குமேல், இன்னார் இந்தப் போர்க்களத்தில் ஏந்தியது என்று கடிதத்தாலோ, பொறித்த பெயராலோ நிறுவத்தக்கவை மட்டும். ஏனையவற்றை, இலக்கத்தையும் குறிகளையும் எழுதிப் படமெடுத்து வைத்துக்கொண்டு, கைவிடுவதில் வரலாற்றுக்கு இழப்பு அதிகமில்லை.

பிரித்தானியச் சட்டத்தின் நான்கு அளவைகளிலும் அடங்காத ஒன்று, பொருள் வந்த வழி. 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது எடுத்துச்சென்ற பொருள்கள் ஆம்ஸ்ரடாம் றைக்ஸ் நூதனசாலையில் இருந்தன. லெவ்கே திசாவையின் பெயரால் வழங்கும் பீரங்கியும், வாள்களும், கத்தியும், 'மகா துவக்கு' எனப்படும் பெருந்துவக்கு இரண்டுமாக ஆறு பொருள்கள், 2023ஆம் ஆண்டு டிசெம்பரில் இலங்கைக்குத் திருப்பியளிக்கப்பட்டன. அருமை, அழகு, நுட்பம், வரலாறு ஆகிய நான்கும் அவற்றுக்கு உண்டு. அந்நூதனசாலையார் அவற்றை வைத்திருக்க வேண்டிய காரணம் நிரம்ப இருந்தது. வைத்திருக்கும் உரிமைதான் இருக்கவில்லை. ஏட்டை ஆராய்ந்து அதனைத் தாமே கண்டறிந்து சொன்னமை அவர்களுக்குப் பெருமை.

இத்தனையும் சொன்னபின், ஒன்றே ஒன்றை மட்டும் வைத்திருக்கலாம் என்றால் எதனை வைப்பாய் என்று என்னைக் கேட்பீர்களாயின், நான் எடுப்பது சுடாத ஒன்றை. 1830இல், பதினாறு வயதுச் சிறுவனாகிய கோல்ட், கோர்வோ என்ற பாய்க்கப்பலிலே மாலுமிப் பயிற்சிக்காகக் கல்கத்தாவுக்குப் பயணமானார். கப்பலின் சுக்கான் சக்கரம் எந்தப் பக்கம் சுழன்றாலும் ஓர் ஆரை தாழுக்கு நேரே வந்து நிற்பதைக் கண்டே அவருக்குச் சுழல் உருளை எண்ணம் உதித்தது என்பர். அக்கதை எவ்வளவு உண்மையோ! ஆனால், அப்பயணத்திலே அவர் கத்தியாற் செதுக்கியதாகச் சொல்லப்படும் மரமாதிரி ஹாட்போர்ட் நூதனசாலையில் இன்றும் இருக்கிறது. பொன் இல்லை, இரும்பும் இல்லை. அதனால் எவரும் எக்காலத்தும் சுடப்படவில்லை. வங்காள விரிகுடா நோக்கிச் சென்ற கப்பலொன்றிலே ஒரு சிறுவனின் கை மரத்தை எங்கெங்கே வெட்டிற்று என்பதை மட்டும் அது காட்டிக்கொண்டிருக்கிறது.